கிணற்றில் விழுந்த பொட்டலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பேசுகிறோம், பிறகு முட்டி வலியை. அதுவும் தீர்ந்து டீ ஆறிப்போகிற நேரத்தில் யாராவது ஒருவர் சாமி இருக்கிறதா இல்லையா என்று ஆரம்பிப்பார். அந்த இடத்தில் நான் எழுந்து டம்ளர் கழுவப் போய்விடுவேன். உனக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் கிடையாதா என்று நீங்களும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். கிடையாது என்று சொன்னது பொய். சொல்ல ஆரம்பித்தால் ஒரு பூப் பொட்டலத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் இத்தனை காலம் தைரியம் வரவில்லை.

உங்களில் பாதிப் பேருக்குப் பூக் கேட்பது என்றால் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். பூசாரி ஒரு பூவரச இலையில் வெள்ளரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து மடித்து, வாழை நாரால் கட்டி, ஒன்றுபோல இரண்டு பொட்டலம் செய்து சாமி முன்னால் தட்டில் வைப்பார். வயதுக்கு வராத பெண் பிள்ளை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது, அதே பிள்ளை அதைக் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பெண் பிள்ளை நான்தான்.

போத்தனூரில் இருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளி இருந்தது எங்கள் ஊர். சித்தப்பா போத்தனூரில் ஒரு பட்டறையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை பார்த்தார். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்தால் வார்னிஷ் வாசம் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். மிச்சப்பட்ட செப்புக் கம்பியை முறுக்கி எனக்கு வளையல் செய்து தருவார். போட்டால் மணிக்கட்டு பச்சையாகிவிடும். தேய்த்துக் கழுவச் சொல்லி அம்மா சத்தம்போடுவாள், நான் கழுவமாட்டேன்.

சித்தப்பாவுக்குச் சாமி கிடையாது. அப்போது அவருக்குக் கல்யாண வயது. கறுப்புச் சட்டையெல்லாம் போடமாட்டார், கூட்டத்துக்கும் போகமாட்டார். ஆனால் சாமி இல்லை என்பதில் ஆள் அசைய மாட்டார். பூசாரிக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடுதல். கோயிலை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம், வரப்புக்கு இந்தப் பக்கம் எங்களுடையது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் இவர்கள் இருவரும் கடவுளை எடுத்து நடுவில் வைத்துக்கொள்வார்கள்.

"ஏனுங்க பூசாரியண்ணா, சாமி எல்லாத்தையும் முன்னாடியே எழுதி வெச்சிருச்சுன்னா, தேங்கா திருடுறவன எதுக்குங்க புடிச்சுக் கட்டி வெக்கறோம்? அவன் பாவம், எழுதுனதத்தானே பண்றான்?"

"திருடறதும் எழுத்து, கட்டி வெக்கறதும் எழுத்துங்க தம்பி."

"அப்ப நான் சாமி இல்லைங்கறேனே, அது?"

"அதும் ஆத்தாதாங்க. உங்க வாயில உக்காந்துட்டு அவளே அப்படிச் சொல்றா."

இந்தப் பதில் வந்ததும் சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொள்வார். "உங்ககிட்டப் பேசறதுக்கு இந்த மோட்டார்கிட்டப் பேசலாம்" என்பார். பூசாரி வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரிப்பார். அதற்குள் உள்ளே பல்பு எரியும், சித்தப்பா ஓடிப்போய் ஸ்டார்ட்டரைப் போடுவார், மோட்டார் சத்தத்தில் கடவுள் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுவார். நான் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்பேன். இருவரில் யார் ஜெயிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. அவர்கள் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

எனக்குப் பதினோரு வயது நடந்த அந்தப் புரட்டாசியில் சித்தப்பா பட்டறையில் மயங்கி விழுந்தார். கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். வால்வு சுருங்கியிருக்கிறது, நெஞ்சைத் திறந்து ஆபரேசன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக்கூடாது, செய்தபின் மூன்று மாதமாவது வீட்டோடு இருக்கவேண்டும் என்றாராம். வீடு இழவு வீடு போல ஆகிவிட்டது. சித்தப்பா மட்டும் சிரித்தார். "நம்ம கெணத்து மோட்டாருக்குப் புட்வால்வு போறதில்லையா, அதாட்டத்தான்" என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பிணம் திரும்பி வருகிற இடம். அவருடைய தாய்மாமன் ஒருவர் வயிற்று ஆபரேசனுக்குப் போய் அப்படித்தான் வந்தாராம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பூக் கேட்டுப்போடலாம். வெள்ள வந்தா நானே கூட்டீட்டுப் போறேன். செவப்பு வந்தா இந்தப் பேச்சே இந்த ஊட்டுல எடுக்கப்படாது" என்றார். சித்தப்பா மறுத்துச் சண்டை போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் அண்ணனைப் பார்த்து, "செரிங்கண்ணா" என்றார். அண்ணன் மேல் இருந்த மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

பூக் கேட்கிற நாளன்று காலையில் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். ஈரத் தலையோடு நின்றவளிடம் சித்தப்பா வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். "இங்க பாரு கண்ணு. ஆர் சொல்றதையும் கேக்காதே. சாமியெல்லாம் ஒண்ணும் எடுத்துத் தராது. கை உன்றது, எடுக்கறதும் நீதான். உனக்கு எது தோணுதோ அத எடு, செரியா?" தலையாட்டினேன். அவரிடம் அப்போதும் வார்னிஷ் வாசம் அடித்தது, பட்டறைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தும்.

கோயிலுக்குப் போனதும் பூசாரி, "அம்மணி, காலு களுவீட்டு வா" என்று என்னைக் கிணற்றடித் தொட்டிக்குக் கூட்டிப்போனார். சொம்பில் தண்ணீர் மொண்டு என் காலில் ஊற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"ரெண்டு பொட்டலம் வெச்சிருப்பேன். ஒண்ணுல நாருக்கு ரெட்ட முடிச்சு இருக்கும், வெரல வெச்சாத் தெரியும். அத எடுத்துரு கண்ணு. ஆருகிட்டயும் மூச்சு விடாதே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"கோவிச்சா என்றமேல கோவிக்கட்டும். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

சொம்புத் தண்ணீர் காலை விட்டு விலகி என் பாவாடையில் எல்லாம் பட்டது. சாமி முன்னால் பொய் சொன்ன பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று எங்களுக்குக் கதை கதையாகச் சொன்னவர் இதே மனிதர். கண்ணில் பூ விழுந்தவள், வாய் கோணிப்போனவன், எல்லாரும் அவர் கதையில் இருந்து வந்தவர்கள்தாம். அவரே இப்போது சாமியை ஏமாற்றச் சொல்கிறார். சாமி இல்லை என்கிறவர் ஒழுங்காக எடு என்கிறார். பெரியவர்கள் இருவரும் இப்படி இடம் மாறி நின்றால் பதினோரு வயதுப் பிள்ளை என்ன செய்யும், சொல்லுங்கள்.

பிள்ளை பொட்டலம் எடுக்கும்போது யாரும் அதன் கையைப் பார்க்கக்கூடாது என்பது முறை. அப்பாவும் சித்தப்பாவும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பூசாரி கற்பூரத்தோடு அம்மன் பக்கம் திரும்பி நின்றார். பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலம் இருந்தது. இடது பக்கத்துப் பொட்டலத்தில் விரலை வைத்தேன். ரெட்டை முடிச்சு, சுண்டைக்காய் போலத் தெளிவாகத் தட்டுப்பட்டது. பக்கத்தில் இருந்ததில் ஒற்றை முடிச்சு.

நான் ஒற்றை முடிச்சை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு பதில் சொல்லி இருக்கிறேன். ஏமாற்றி எடுத்தால் அம்மனுக்குக் கோபம் வந்து ஆபரேசனிலேயே சித்தப்பாவைக் கொன்றுவிடும் என்று பயந்தேன், அது உண்மை. ஆர் சொல்றதையும் கேக்காதே என்று சித்தப்பா சொன்னதும் காதில் இருந்தது, அதுவும் உண்மை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அரைப்பரீட்சை லீவுக்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி ரயிலில் கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். ஆபரேசன் ஆனால் மூன்று மாதம் படுக்கை, ரயில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் போகிறேன் என்று பெருமை அடித்து வைத்திருந்தேன். விரல் ரெட்டை முடிச்சில் இருந்த அந்த நேரம் எனக்கு ரயில் ஞாபகம் வந்தது. வந்தது என்று நிச்சயமாகத் தெரியும். அதுதான் கையை நகர்த்தியதா என்று மட்டும் தெரியவில்லை.

அப்பா பொட்டலத்தை என் கையில் இருந்து பிடுங்கி நாரைப் பிய்த்தார். இலைக்குள் செவ்வரளி வாடாமல் இருந்தது. பூசாரி திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கற்பூரம் அவர் விரல் வரைக்கும் எரிந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை. "இன்னொருக்காக் கேக்கலாமுங்க" என்றார். "ஆத்தாகிட்டப் பேரம் பேசறதுங்களா?" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். ரெட்டை முடிச்சு உள்ளங்கையில் குத்தியது. அந்த வருடம் மழை இல்லை, தண்ணீர் எங்கோ ஆழத்தில் கிடந்தது. பொட்டலம் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா பூசாரியண்ணா, இல்லாத சாமி என்னையக் கத்தியில இருந்து காப்பாத்தீருச்சு" என்றார். சித்தப்பாவின் முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்திருந்தது. பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம் அது என்று இப்போது தெரிகிறது.

நாலைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பூசாரி வழியில் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். "நான் சொன்னதத்தானே எடுத்தே, கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"வெரல வெச்சுப் பாத்தியா? ரெட்ட முடிச்சுத்தானே?"

"ஆமாங்க. ரெட்ட முடிச்சுத்தானுங்க."

அவர் கோயில் பக்கம் பார்த்தார். "வெள்ளையத்தானே வெச்சுக் கட்டினேன். இந்தக் கையாலதானே கட்டினேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு என் தலையில் கை வைத்து, "போ அம்மணி, ஊட்டுக்குப் போ" என்றார். அதற்குப்பின் அவர் யாருக்கும் பூக் கட்டித் தரவில்லை. மோட்டார் ரூமுக்கும் வரவில்லை. சித்தப்பா அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், "சோலி இருக்குதுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கரண்டுக்குக் காத்திருக்கையில் சித்தப்பா தனியாக உட்கார்ந்து வரப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிராளி இல்லாமல் அவருக்குச் சாமி இல்லை என்று சொல்வதில் சுவாரசியம் போய்விட்டது.

ஊட்டி ரயிலில் போனோம். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நல்ல குளிர், ஜன்னலோர இடம், காதை மூடி அம்மா கட்டிவிட்ட துண்டு. குன்னூரில் வண்டி நின்றபோது சித்தப்பா இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உதடு நாவல்பழம் தின்றவர் போல இருந்தது. நெஞ்சில் கோளாறு உள்ளவரை மலைக்கு அனுப்பக்கூடாது என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டபின் நோயும் போய்விட்டது என்றே நடந்துகொண்டார்கள். மூச்சு திரும்பியதும் எனக்கு ஒரு கட்டு கேரட் வாங்கிக் கொடுத்தார்.

"நீ எடுத்தது நல்லதாப் போச்சு கண்ணு" என்றார். "எனக்குக் கத்தின்னா நெம்பப் பயம். இதுக்குன்னு இருக்கற டாக்டருக்கிட்டப் போய் நாமளே மாட்டேன்னு சொன்னா கோழைம்பாங்க. பூவு சொன்னா ஒரு பேச்சு இல்ல பாத்தியா. பூசாரியண்ணங்கிட்ட மட்டும் சொல்லீராதே, நெம்பச் சிரிப்பாரு."

அன்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பூசாரி ரெட்டை முடிச்சுப் போட்டதை, உங்களை அனுப்பவேண்டும் என்று அந்த மனிதர் தன் சாமியையே ஏய்க்கத் துணிந்ததை. சொல்லியிருந்தால் அவர் வெட்கப்பட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் கேரட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். கேரட் நல்ல இனிப்பாக இருந்தது, அந்த ருசி இன்றுவரைக்கும் போகவில்லை.

தை முடிவதற்குள் சித்தப்பா போய்விட்டார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம், நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சவத்தை எடுக்கும்போது பூசாரி பக்கத்தில் வரவில்லை, வேலிக்கு அக்கட்டப் பக்கம் தோட்டத்தில் நின்றார். அப்பா அதன்பின் எந்தக் கோயில் படியும் ஏறவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சாகும்வரை சொல்லவில்லை. செப்புக் கம்பி வளையல்கள் கொஞ்சநாள் ஜன்னல் மேல் கிடந்தன. வீடு மாறியபோது எங்கே போயின என்று தெரியவில்லை.

இந்த வருடம் கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பூசாரி இருக்கிறார் என்று சொன்னார்கள். அவர் வீட்டு வாசலில் நைலான் கட்டிலில் கிடந்தார், கண் மங்கிவிட்டது. பக்கத்தில் அவர் பேரனும் கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். சாமி இருக்கிறதற்கு என்ன ஆதாரம் என்று பையன்கள் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆதாரமா?" என்று எழுந்து உட்கார்ந்தார் பூசாரி. "நான் கண்ணுல பாத்தவன்டா. என்ற கையால வெள்ளரளிய வெச்சு ரெட்ட முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அந்தப் புள்ள அதயேதான் எடுத்துச்சு. பிரிச்சாச் செவப்பு. அப்ப மாத்துனது ஆரு? நீங்களும் நானுமா? ஏய்க்கப் பாத்தேன். அதுக்கு ஆத்தா என்ற கூட்டாளியத் தூக்கிக்கிட்டா. அவ இருக்கறா. இல்லீன்னா எனக்கு ஏன் இந்தத் தண்டன?"

பேரன் என்னைக் காட்டி, வெளியூரில் இருந்து இன்னாரின் மகள் வந்திருக்கிறார் என்று சொன்னான். கிழவர் குரல் வந்த திசையில் கையை நீட்டினார். "வா அம்மணி, வா. நல்ல நேரத்துக்கு வந்தே. இவனுகளுக்குச் சொல்லு. நான் சொன்னதத்தானே எடுத்தே?"

நாற்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. இந்த மனிதர் தன் கடவுளை என்னுடைய ஒரு ‘ஆமாங்க’வின் மேல் கட்டி எழுப்பி, அதன் அடியிலேயே நசுங்கிக் கிடந்திருக்கிறார். இல்லை என்று நான் சொன்னால் அவருடைய தண்டனை போகும், கூடவே அவர் கண்ட ஆத்தாளும் போவாள். பையன்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொன்னேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"இல்லீங்க" என்றேன். "ரெட்ட முடிச்சத் தொட்டேனுங்க. தொட்டுப்போட்டு, அடுத்தத எடுத்தேன். வெள்ளையக் கெணத்துல போட்டது நானுங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

ரயிலையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்தக் காலமாக இருந்தால் இந்நேரத்துக்குக் கரண்டு வந்து மோட்டார் சத்தம் எங்களைக் காப்பாற்றியிருக்கும். இப்போது கரண்டு எந்நேரமும் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை, மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள்.

பூசாரி என் பக்கம் முகத்தைத் திருப்பி, "செரி கண்ணு" என்றார். "உன்னைய அத எடுக்க வெச்சது ஆரு?"

மோட்டார் ரூம் வாசலில் சிரித்துக்கொண்டு பதில் சொன்னவர் குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். ஆத்தாதாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய சாமியும் பிழைக்கும், நானும் பிழைத்துக்கொள்வேன். எனக்கு எதிரில் இருந்தது, கை உன்றது என்று குனிந்து சொன்ன சித்தப்பாவின் அந்த முகம்தான்.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் தடவித் தடவி என் வலது கையைப் பிடித்தார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளையின் கையைத் தேடுகிறவர் போல இருந்தது.

"அத்தன பேரு பெரியவங்க நின்னுட்டு இருந்தோமே அம்மணி" என்றார். "இத்தினியூண்டு கையிலயா அதக் குடுத்தோம்?"